ஆறு மாதக் காத்திருப்பிலிருந்து விலக்கு கேட்ட மனு திரும்பி வந்தது ஏன்?

இருவரும் சம்மதித்து விவாகரத்து மனு போட்டீர்கள்; துபாய் வேலைக்காக ஆறு மாதக் காத்திருப்பிலிருந்து விலக்கு கேட்ட மனு ஏன் திரும்பியது என்று கேட்கிறீர்கள். முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் காத்தே ஆகவேண்டும் என்பதில்லை. இந்து திருமணச் சட்டம் 13பி(2) சொல்லும் அந்தக் காலம் கட்டாயமல்ல, நீதிபதி தளர்த்தலாம் என்று 2017-இல் அமர்தீப் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் மனு போட்டு ஒரு வாரம் கழித்தே விலக்கு கேட்கலாம்.

உங்கள் மனு ஏன் திரும்பியது? "ஜீவனாம்சம், குழந்தை விஷயம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். மனுவிலும் அந்த ஒற்றை வரிதான் என்றால் அநேகமாக அதுதான் காரணம். எவ்வளவு தொகை, எந்தத் தேதியில், நகையும் சீர்ப் பாத்திரமும் கைக்கு வந்தாயிற்றா, குழந்தை யாரிடம், மாதத்தில் எந்த ஞாயிறு அப்பா வந்து பார்க்கலாம், பள்ளிக் கட்டணம் யார் கட்டுவது, எல்லாம் இருவர் கையெழுத்தோடு எழுத்தில் வேண்டும். துபாய் வேலைக்கான கடிதத்தையும் இணையுங்கள். ஆனால் அது மட்டும் போதாது.

அப்புறம் பிரிந்த தேதியைச் சரிபாருங்கள். அன்றிலிருந்து முதல் மனு போட்ட நாள்வரை ஒன்றரை வருடம் ஆகியிருக்கிறதா என்று நீதிமன்றம் பொதுவாகப் பார்க்கும். இன்றுவரை எண்ணி ஏமாறுகிறவர்கள்தான் அதிகம். ஒரே வீட்டில் கணவன் மனைவியாக வாழாமல் தனித்து இருந்த காலமும் சேரும், மனுவில் அதைச் சொல்லியிருந்தால்.

எல்லாம் சரியாக இருந்தாலும் முடிவு நீதிபதி கையில். தீர்ப்பு வரும்வரை மறுதரப்பு தன் சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும். அதற்குள் விமான டிக்கெட் போட்டுவிடாதீர்கள்.