பிளேட் என்றால் சாப்பாட்டுத் தட்டா? – கேள்வி பதில்

கேள்வி: பொறுப்பேற்க முன்வருவதை ஆங்கிலத்தில் ‘ஸ்டெப் அப் டு த பிளேட்’ என்கிறார்கள். இந்த பிளேட் சாப்பாட்டுத் தட்டா?

பதில்: பந்திக்கும் இதற்கும் சம்பந்தமில்லை! இது அமெரிக்காவின் பேஸ்பால் மைதானத்தில் பிறந்த தொடர். பந்தை அடிப்பவர் நிற்கும் இடத்தை ஒட்டி, தரையோடு தரையாக ஒரு வெள்ளை ரப்பர் பலகையைப் பதித்திருப்பார்கள். 17 அங்குல அகலம், ஐந்து பக்கம். அதுதான் ஹோம் பிளேட். 19-ஆம் நூற்றாண்டில் அந்த இடத்தில் வெள்ளை பூசிய வட்டமான இரும்புத் தகடு இருந்தது. தகடு போய் ரப்பர் வந்த பிறகும் பேர் மட்டும் மாறவில்லை.

கேள்வி: ஆட்டத்தில் விருப்பப்பட்டவர்தான் அடிக்கப் போவாரா?

பதில்: அங்கேதான் வேடிக்கை. ஒன்பது பேரின் வரிசை முன்கூட்டியே முடிவாகிவிடும். முறை வந்தால் போயே ஆக வேண்டும். வர மறுத்தால் நடுவர் அவர் கணக்கில் ‘ஸ்ட்ரைக்’ என்று ஒரு தவறு போடுவார். மூன்று சேர்ந்தால் அவுட். ஆக, மைதானத்தில் இது கட்டாயம். ‘தானாக முன்வருவது’ என்ற பொருள், தொடர் மைதானத்தை விட்டு வெளியே வந்த பிறகு சேர்ந்துகொண்டது. பலகையருகே நிற்பவர் தனி ஆள், எல்லார் கண்ணும் அவர்மேல். அந்தக் காட்சிதான் இதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

கேள்வி: ‘தட்டை நோக்கி முன்னேறினார்’ என்று மொழிபெயர்த்திருக்கிறேன். சரியா?

பதில்: ஐயோ, அழித்துவிடுங்கள். ‘முன்வந்தார்’ என்ற ஒரு சொல் போதும். பேச்சு வாடை வேண்டுமென்றால் ‘இழுத்துப் போட்டுக்கொண்டு செய்தார்’. ‘அவர் தலையில் கட்டினார்கள்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது நேர் எதிர்.

கேள்வி: ‘த பக் ஸ்டாப்ஸ் ஹியர்’ என்பதும் இதேதானா?

பதில்: பக்கத்து வீடு, ஆனால் ஒரே வீடு இல்லை. போக்கர் சீட்டாட்டத்தில், அடுத்துச் சீட்டுப் போடுவது யார் என்று காட்ட ஒரு பொருளைக் கைமாற்றுவார்கள். அதுதான் ‘பக்’. அதை அடுத்தவரிடம் தள்ளிவிடுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பது என்றாயிற்று. அமெரிக்க அதிபர் ஹாரி ட்ரூமனுக்கு 1945 அக்டோபரில் இந்த வாசகம் எழுதிய சிறு பலகை பரிசாக வந்தது. ஓக்லஹோமாவில் உள்ள சீர்திருத்தச் சிறை ஒன்றில் செய்தது. அவர் அதை மேசைமேல் வைத்திருந்ததால் தொடரும் பிரபலமானது. ‘இதற்கு மேல் தள்ளிவிட ஆள் இல்லை, முடிவு என்னுடையது’ என்பதே பொருள். முன்வருவது வேலை தொடங்கும்போது. இது பழியோ முடிவோ வந்து நிற்கும்போது.

கேள்வி: உடன் வேலை செய்பவரிடம் ‘யூ நீட் டு ஸ்டெப் அப்’ என்று சொல்லலாமா?

பதில்: ஊக்கம் என்று நினைத்துச் சொல்வீர்கள், அவர் காதில் ‘இதுவரை நீ ஒழுங்காகச் செய்யவில்லை’ என்று விழும். ‘ஐ வில் ஸ்டெப் அப்’ என்றால் சிக்கலே இல்லை.