அந்த ஸ்மார்ட் பிளக்கைத் தூக்கிப் போடாதீர்கள்

நிறுவனம் சர்வரை மூடியதும் பிளக் செயலியில் வரவில்லை, உள்ளே இஎஸ்பி8266 சிப் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நல்ல சிப், நிறுவனத்தின் சர்வர் தேவைப்படாத டாஸ்மோட்டா ஃபர்ம்வேரை, அதாவது பிளக்கை உள்ளிருந்து இயக்கும் மென்பொருளை, கணினியிலிருந்து கம்பி வழியாக அதில் ஏற்றலாம்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன்: மூடியைக் கழற்றிய பிளக்கை மின்சாரத்தில் செருகி வைத்துக்கொண்டு கம்பி இணைக்காதீர்கள். உயிருக்கே ஆபத்து. கணினியையும் சிப்பையும் இணைக்கும் யூஎஸ்பி-சீரியல் அடாப்டரின் 3.3 வோல்ட் போதும். 5 வோல்ட் கொடுத்தால் சிப் கெட்டுவிடும். சிப்பின் ஜிபிஐஓ0 என்ற முனையைக் கிரவுண்டோடு (ஜிஎன்டி முனை) சேர்த்தபடி பவர் கொடுங்கள், சிப் ஃபர்ம்வேர் எழுதும் நிலைக்குப் போகும். முதலில் பழைய ஃபர்ம்வேரை நகல் எடுத்துவிடுங்கள். அப்புறம் புதியதை எழுதுங்கள்.

கம்பிகளை எடுத்து, மூடித் திருகிய பிறகே சுவரில் செருகுங்கள். டாஸ்மோட்டா தன் பெயரில் ஒரு வைஃபை காட்டும். அதில் நுழைந்து வீட்டு வைஃபை விவரம் கொடுத்தால் பிரவுசரிலிருந்தே ஆன், ஆஃப் செய்யலாம்.