பதில்: குழுவாகச் சேகரித்த புதைபடிவங்கள் உதிர்கின்றன, பைகளும் கலந்துவிட்டன

ஈரக் களிப்பாறையிலிருந்து எடுத்த சிப்பிப் படிவங்கள் வெடிக்கின்றன, பள்ளிக் கண்காட்சிக்கு முன் வெள்ளைப் பசை தடவலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அது உள்ளே இறங்காமல் மேலே தோலாகப் படியும், நாளடைவில் மஞ்சளாகும்.

வேகமாக உலர்ந்ததே காரணம். களி நீரை இழந்து சுருங்குகிறது, சிப்பி சுருங்குவதில்லை. மிச்சமிருப்பவற்றைப் பையின் வாயைச் சற்றே திறந்து, நிழலில் மெதுவாகக் காயவிடுங்கள்.

முழுக்க உலர்ந்தபின் பாராலாய்டு பி-72 (மணிகளாகக் கிடைக்கும் அக்ரிலிக் பிசின்) போதும்: 100 மில்லி அசிட்டோனுக்கு 5 கிராம். மணிகளை மெல்லிய துணியில் முடிந்து, மூடியுள்ள கண்ணாடிப் புட்டியில் அமிழும்படி தொங்கவிட்டால் ஓர் இரவில் பெரும்பாலும் கரைந்துவிடும். அடியில் கொட்டினால் கட்டியாக ஒட்டிக்கொள்ளும். தூரிகையால் சொட்டுச் சொட்டாக விடுங்கள். உறிஞ்சுவது நின்றால் நிறுத்துங்கள். பளபளத்தால் கூடிவிட்டது, அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்கலாம். வெண்படலம் வந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது. காற்றோட்டமான இடத்தில், நெருப்பு அருகில் இல்லாமல் செய்யுங்கள். சிறுவர்களிடம் இந்த வேலையைத் தராதீர்கள்.

பைகள் கலந்ததுதான் என் கணக்கில் பெரிய இழப்பு. எந்தப் பாறை அடுக்கிலிருந்து எடுத்தது என்று தெரியாத படிவம் ஆய்வுக்கு அநேகமாக உதவாது. நினைவை வைத்து ஊகித்து எழுதாமல் 'அடுக்கு தெரியாது' என்றே குறித்து, தொட்டுப் பார்க்கும் மேசைக்கு ஒதுக்குங்கள். அடுத்த முறை ஆளுக்கொரு எழுத்து, அதன்கீழ் வரிசை எண்: க-1, க-2. இடம், அடுக்கு, தேதி எல்லாம் பென்சிலால் எழுதிய சீட்டு பைக்குள்ளேயே இருக்கட்டும். பை மேல் எழுதிய மை உரசலில் அழியும்.