துபாய்ல பிள்ளைங்கள எந்த ஸ்கூல்ல போடுறது?

கேள்வி: அக்கா, வீட்டுக்காரருக்கு துபாய்க்கு மாத்தல் ஆயிருக்கு. மூணு வருஷ கான்ட்ராக்ட், அப்புறம் நீட்டிப்பாங்களா தெரியல. பொண்ணு வர்ற மார்ச்ல நாலாவது முடிக்கிறா, பையன் யூகேஜி. இவர் பிரிட்டிஷ் ஸ்கூல்தான்னு ஒத்தைக்கால்ல நிக்கிறார், மாமியார் சிபிஎஸ்இ போதும்ங்கிறாங்க. பொண்ணுக்கு டாக்டர் ஆசை வேற. நீங்களே சொல்லுங்க. – வாசகி, மதுரை

பதில்: என் ஓட்டு மாமியாருக்குத்தான்மா, கோச்சுக்காதீங்க. மூணு வருஷத்துல திரும்பி வந்தா உங்க பொண்ணு எட்டாவதுல வந்து உக்காருவா, ஒன்பதாவது பத்தாவது சிபிஎஸ்இல ஒரே செட்டு மாதிரி, நடுவுல வந்து சேர்றது ரொம்ப கஷ்டம், அதனால போர்டு மாத்தறதுன்னா எட்டாவதுக்குள்ள மாத்திடணும். நீட் கேள்வியும் சிபிஎஸ்இ ஸ்கூல்ல நடத்தற என்சிஇஆர்டி புக்க ஒட்டித்தான் வருது. ஏ லெவல், அதாவது பிரிட்டிஷ் ஸ்கூலோட பிளஸ் டூ, படிச்சிட்டும் நீட் எழுதலாம், ஆனா ஏஐயூ-ன்னு இந்தியப் பல்கலைக்கழகங்களோட சங்கம் இருக்கு, அவங்க கிட்ட நம்ம பிளஸ் டூக்கு சமம்னு ஈக்விவலன்ஸ் சர்டிபிகேட், பாடத்திட்டத்துல விட்டுப்போன சேப்டர்னு தனியா ஓடணும். அங்கயே பிளஸ் டூ வரைக்கும் இருந்து அப்படியே லண்டனோ கனடாவோ போற ஐடியான்னா உங்க வீட்டுக்காரர் சொல்றது சரி, கம்பெனி ஃபீஸ் குடுத்தா இன்னும் சரி.

பிரிட்டிஷ்லன்னா கிளாஸ் கணக்கே வேற. நம்ம ஒண்ணாவது அங்க இயர் டூ, அஞ்சாவது இயர் சிக்ஸ். இந்தியன் ஸ்கூல் ஏப்ரல்ல ஆரம்பிக்குது, அவங்க ஆகஸ்ட் கடைசி செப்டம்பர்ல. அதனால ஏப்ரல்ல போய் இறங்கினா பொண்ணு இயர் ஃபைவ் கடைசி டேர்ம்ல நுழையணும், இல்லன்னா செப்டம்பர் வரை வீட்ல இருக்கணும். எந்த ஸ்கூலா இருந்தாலும் அரபி பாடம் உண்டு, ஒன்பதாவது வரைக்கும். பயப்பட வேணாம், நம்ம பிள்ளைங்களுக்கு சுலபமாத்தான் வச்சிருப்பாங்க.

ஸ்கூல் பேர்ப்பலகைல இன்டர்நேஷனல்னு எழுதியிருக்கறத நம்பாதீங்க, அங்க சிபிஎஸ்இ ஸ்கூல் பேர்லயும் அது இருக்கும். கேஎச்டிஏ-ன்னு துபாய் அரசோட கல்வி அமைப்பு ஒண்ணு இருக்கு, அவங்க ஸ்கூலுக்குள்ள போய் பார்த்து அவுட்ஸ்டாண்டிங்ல இருந்து வெரி வீக் வரைக்கும் ரேட்டிங் குடுத்திருக்காங்க, ரிப்போர்ட் இணையத்துலயே கிடைக்கும். எல்லாரும் மேல இருக்கற அந்த ஒரு வார்த்தைய மட்டும் பார்த்துட்டு மூடிடறாங்க. உள்ள போங்க, மேத்ஸ் சயின்ஸ் பிரைமரில எப்படி, மிடில்ல எப்படின்னு தனித்தனியா கட்டம் போட்டிருப்பாங்க, எந்த நாட்டுப் பிள்ளைங்க அதிகம், டீச்சர் டர்னோவர் எத்தனை சதவீதம்னும் இருக்கும். நான் மொதல்ல டர்னோவரத்தான் பார்ப்பேன், வருஷா வருஷம் டீச்சர் ஓடிப்போற ஸ்கூல்ல ஸ்விம்மிங் பூல் இருந்து என்ன பிரயோஜனம்? ரிப்போர்ட் எந்த வருஷத்துதுன்னும் பாத்துக்கோங்க.

ஃபீஸும் கேஎச்டிஏ சைட்லயே இருக்கும், ஆனா பஸ், யூனிஃபார்ம், புக் தனி. பஸ்ஸுக்கு மட்டும் ஆகற காச கேட்டா தலை சுத்தும். ரெண்டாவது மொழியா தமிழ் இருக்கான்னு மறக்காம கேளுங்க, சில இந்தியன் ஸ்கூல்ல உண்டு. 2006-ல வந்த தமிழ் கற்றல் சட்டப்படி இங்க பத்தாவது வரைக்கும் தமிழ் கட்டாயம், திரும்பி வர்றப்ப பொண்ணு அ, ஆவுல இருந்து ஆரம்பிக்க வேண்டாம் பாருங்க. டிசி அட்டெஸ்டேஷன் வேலைய மட்டும் மதுரைல இருக்கறப்பவே முடிச்சிடுங்க, அங்க போய்ட்டு இங்க ஆள் விட்டு அலையறது பெரிய தொல்லை.

கேள்வி: ஷார்ஜால வாடகை கம்மியாமே, அங்க வீடு எடுத்துட்டு துபாய் ஸ்கூல்ல போடலாமா? – அதே வாசகி

பதில்: வேணாம். காலைல ஷார்ஜாலருந்து துபாய் போற இத்திஹாத் ரோடு டிராஃபிக்ல ஸ்கூல் பஸ் நகரவே நகராது, யூகேஜி முடிச்ச பையன இருட்டோட எழுப்பணும். துபாய்க்குள்ளயே அல் குசைஸ் பக்கம் பாருங்க, இந்தியன் ஸ்கூலுங்க நிறைய, வாடகையும் துபாய் கணக்குக்குப் பரவால்ல. ஷார்ஜாவேதான்னா ஸ்கூலும் ஷார்ஜாலயே பாருங்க.