130 பேருக்கு டி-ஷர்ட்: சைஸ் கணக்கை எப்படி எடுப்பது?

கேள்வி: நாங்கள் 2000-ல் பிளஸ் டூ முடித்த செட். வரும் டிசம்பரில் 25 ஆண்டு சந்திப்பு வைத்திருக்கிறோம். மொத்தம் 130 பேர், அதில் பெண்கள் 50 பேர். எல்லோருக்கும் ஒரே நிறத்தில் காலர் டி-ஷர்ட் எடுக்கத் திருப்பூரில் ஆர்டர் கொடுக்கப் போகிறோம். வாட்ஸ்அப் குழுவில் சைஸ் கேட்டதில் எஸ் 14, எம் 52, எல் 40, எக்ஸ்எல் 16, டபுள் எக்ஸ்எல் 8 என்று வந்திருக்கிறது. இதை அப்படியே கொடுத்துவிடலாமா? ஐந்து வருடம் முன்பு இதே மாதிரி எடுத்தபோது பாதிப் பேருக்குச் சேரவில்லை. – ஒருங்கிணைப்பாளர், பட்டுக்கோட்டை

பதில்: அப்படியே கொடுக்க வேண்டாம். உங்கள் செட்டில் எல்லோருக்கும் இப்போது 42, 43 வயது. அதில் 52 பேர் எம் என்றால், பலர் கல்யாணத்துக்கு முன்பு போட்ட சைஸைச் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை. நம்மில் நிறையப் பேருக்கு வீட்டில்தான் துணி எடுத்து வருகிறார்கள். லேபிளைப் பார்க்கிற பழக்கமே இருப்பதில்லை. குழுவில் திடீரென்று கேட்டால் மனதில் பதிந்திருக்கிற பழைய எழுத்துதான் வாயில் வரும்.

அதைவிடப் பெரிய சிக்கல், எம், எல் என்பவை அளவே இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பேட்டர்னுக்கு, அதாவது துணி வெட்டும் மாதிரி அளவுக்கு, வைத்திருக்கும் பெயர். ஒரு யூனிட்டில் எம் என்றால் நெஞ்சுச் சுற்று 38 அங்குலம். அடுத்த தெருவில் அதே எம் 40. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் குழப்பம் இன்னும் கூடும். அமெரிக்காவில் குழு டி-ஷர்ட்டுக்கு நிறையப் போகும் கில்டன் கம்பெனியின் 5000 என்ற ரகத்தில் எல் என்பதைத் தட்டையாகப் போட்டு அளந்தால் 22 அங்குலம், அதாவது சுற்று 44. எக்ஸ்எல் 48. நம் ஊர் சார்ட்டில் எல் பெரும்பாலும் 40 அல்லது 42-தான். அங்கே எல் போட்டுப் பழகிய நண்பர் அதையே எழுதி அனுப்பினால், இங்கே வந்து அதை மாட்டும்போது மூச்சுப் பிடிக்கும். இந்தியாவுக்கென்று ஒரு பொது அளவு முறை வேண்டும் என்றுதான் நிஃப்ட் என்கிற தேசிய ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் 15 முதல் 65 வயது வரையுள்ள 25,000 பேரை ஸ்கேன் செய்து அளக்கும் ‘இண்டியா சைஸ்’ திட்டத்தைக் கையில் எடுத்தது. கடையில் விற்கிற எல்லா லேபிளும் ஒரே கணக்குக்கு வரும்வரை நீங்கள் எழுத்தை விட்டுவிட்டு அங்குலத்தைக் கேளுங்கள்.

எண் சொன்னால் மட்டும் சரியாகிவிடுமா என்றால், அதிலும் கவனம் வேண்டும். ஆபீஸ் சட்டையின் காலரில் 40 என்று போட்டிருப்பது பெரும்பாலும் கழுத்துச் சுற்று, அதுவும் சென்டிமீட்டரில். டி-ஷர்ட்டில் 40 என்றால் நெஞ்சுச் சுற்று, அங்குலத்தில். உள்ளே போடும் பனியனில் 95 என்று இருந்தால் அது நெஞ்சளவுதான், ஆனால் சென்டிமீட்டர். அங்குலத்தில் ஏறக்குறைய 37 அரை. ஒரே ஆள் இந்த மூன்று எண்ணில் எதை வேண்டுமானாலும் சொல்லலாம். எந்தத் துணியின் எண் என்று கேட்காமல் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

ஆகவே குழுவில் சைஸ் கேட்பதை விட்டுவிட்டு இப்படி ஒரு செய்தி போடுங்கள்: “உங்களுக்கு இப்போது வசதியாக இருக்கிற, பலமுறை துவைத்த ஒரு காலர் டி-ஷர்ட்டை எடுங்கள். பட்டன் போட்டு, மேஜை மேல் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். அக்குளுக்கு ஒரு அங்குலம் கீழே, இந்தப் பக்கத் தையலிலிருந்து அந்தப் பக்கத் தையல் வரை டேப் வைத்து அளந்து அனுப்புங்கள். பிறகு, காலர் தோளோடு சேரும் இடத்திலிருந்து கீழ் மடிப்பு வரை நீளம். இந்த இரண்டு எண் போதும்.” கூடவே, டேப் வைத்தபடி எடுத்த ஒரு போட்டோவையும் போட்டுவிடுங்கள். போட்டோ இல்லாவிட்டால் பாதிப் பேர் தோளிலிருந்து தோள் வரை அளந்து அனுப்புவார்கள்.

வருகிற எண்ணை இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. 21 என்று அனுப்பியவருக்கு 42. டேப் இல்லாதவர்கள், பதிலே போடாதவர்கள் எந்தக் குழுவிலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் கேட்டுப் பனியன் சைஸை வாங்கிக்கொள்ளுங்கள். பனியன் உடம்போடு ஒட்டி இருப்பது, டி-ஷர்ட்டுக்கு அதைவிட மூன்று நான்கு அங்குலம் கூடுதலாக வேண்டும். 95 பனியன் போடுகிறவருக்குச் சுற்று 40 வைத்தால் கச்சிதமாகவும், 42 வைத்தால் வசதியாகவும் இருக்கும். இது ஒரு தோராயக் கணக்குதான். ஆனால் பதில் தராதவருக்குக் கண்ணை மூடிக்கொண்டு எல் போடுவதைவிட எவ்வளவோ மேல்.

இந்த வயதில் ஆண்களுக்கு நெஞ்சு மட்டும் பார்த்தால் போதாது. டி-ஷர்ட் தலையணை உறை மாதிரி நேராக வெட்டப்படுவது. மேலே என்ன அகலமோ கீழேயும் ஏறக்குறைய அதுதான். நெஞ்சு 40, வயிறு 43 என்றால் அவருக்கு வயிற்றைப் பார்த்துத்தான் சைஸ் எடுக்க வேண்டும். நல்ல நிலையில் இருக்கும் பழைய டி-ஷர்ட்டை அளக்கச் சொல்வதில் இதுவும் ஒரு லாபம்: வயிற்றுக்குச் சேர்கிற டி-ஷர்ட்டைத்தான் அவர் எடுத்து வைப்பார், வயிற்றளவை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை.

பெண்கள் விஷயத்தைத் தனியாகவே பாருங்கள். முதலில், பொதுக் குழுவில் கேட்காதீர்கள். எத்தனை வருட நட்பாக இருந்தாலும் 130 பேர் பார்க்க அளவு எழுதச் சொல்வது சரியில்லை. சங்கடத்தில் ஒரு சைஸ் குறைத்து எழுதுகிறவர்களும் உண்டு. தோழிகளில் ஒருவர் பொறுப்பெடுத்து ஒவ்வொருவரிடமும் தனிச் செய்தியில் வாங்கட்டும். உங்களுக்கு மொத்த எண்ணிக்கை மட்டும் வந்தால் போதும்.

அடுத்து, லேடீஸ் ஃபிட்டா, எல்லோருக்கும் ஒரே ஆண்கள் பேட்டர்னா என்பதை இப்போதே முடிவு செய்யுங்கள். லேடீஸ் ஃபிட் என்றால் இடுப்பில் வளைவு, கை நீளம் குறைவு, தோள் சிறியது. பல சார்ட்டுகளில் லேடீஸ் எல்லின் நெஞ்சளவு ஆண்கள் எஸ்ஸுக்குப் பக்கத்தில்தான் இருக்கும். இரண்டு பேட்டர்னுக்கும் ஒரே பட்டியலை அனுப்பினால் தப்பு நிச்சயம். ஆண்கள் பேட்டர்னையே எல்லோருக்கும் போட்டால் நெஞ்சு சேரும், தோள் தொங்கும், ஆனால் இடுப்புக்குக் கீழே பிடிக்கும். குர்தி சைஸை நம்பி டி-ஷர்ட் எடுக்கக் கூடாது என்பதற்கும் இதே காரணம்தான். குர்திக்குப் பக்கத்தில் ஓப்பன் இருக்கும், இடுப்பளவு பற்றிக் கவலையில்லை. டி-ஷர்ட்டில் அந்த ஓப்பன் கிடையாது, அல்லது பேருக்கு ஒரு அங்குலம் இருக்கும். அதனால் பெண்களிடம் கீழ் அகலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். லெகிங்ஸ் மேல் போடுகிறவர்களுக்கு நீளம் ஓர் அங்குலம், ஒன்றரை அங்குலம் கூட வைத்துத் தரச் சொல்லலாம். ஆர்டருக்குத் தைப்பதால் கட்டிங்குக்கு முன்பு சொன்னால் செய்து தருவார்கள். புடவை மேலேயே போட்டுக்கொள்கிறேன் என்று சொல்கிறவர்களுக்கு, கொசுவமும் முந்தானையும் உள்ளே அடங்க வேண்டுமே, இரண்டு சைஸாவது கூட்டிப் போடுங்கள்.

இனி துணி. காலர் டி-ஷர்ட் என்றால் பெரும்பாலும் மேட்டி துணியாக இருக்கும், அதாவது சின்னச் சின்னக் கட்டம் போலத் தெரியும் பின்னல் துணி. அது முழுக்கக் காட்டனா, பாலியஸ்டர் கலந்ததா என்று கேளுங்கள், ஏனென்றால் சைஸ் அதைப் பொறுத்தும் மாறும். காட்டன் பின்னல் துணி முதல் துவைப்பில் 5 சதவீதம் வரை சுருங்குவதை இந்தத் தொழிலில் சாதாரணமாக ஏற்றுக்கொள்கிறார்கள். 5 சதவீதம்தானே என்று தோன்றும். 21 அங்குல அகலத்தில் அது ஓர் அங்குலம், சுற்றில் இரண்டு அங்குலம். அதாவது முழுதாக ஒரு சைஸ். 28 அங்குல நீளம் இருந்தால் ஒன்றே கால் அங்குலத்துக்கு மேல் போய்விடும். சந்திப்பு அன்று அழகாக இருந்த டி-ஷர்ட் அடுத்த வாரம் பையனுக்குப் போவது இப்படித்தான். துணிக்குக் காம்பாக்டிங், அதாவது வெட்டுவதற்கு முன்பே அழுத்திச் சுருக்கிவிடும் வேலை, ஒழுங்காகச் செய்திருந்தால் சுருக்கம் நன்றாகக் குறையும். பயோ வாஷ் என்பது வேறு. அது துணியின் மேல் இருக்கும் பிசிறை எடுக்கிற வேலை, சுருக்கத்துக்கு அதை மட்டும் நம்ப முடியாது. முழு பாலியஸ்டர் டிரை-ஃபிட் என்றால் சுருங்காது, ஆனால் வேர்த்தால் உடம்போடு ஒட்டும். வயிறு இருக்கிறவர்களுக்கு அதில் ஒரு சைஸ் கூட்டினால்தான் போட்டுக்கொள்ள மனம் வரும்.

கம்பெனியிடம் பேசும்போது சைஸ் சார்ட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திருப்தி அடையாதீர்கள். ‘சைஸ் செட்’ கேளுங்கள்: ஒவ்வொரு சைஸிலும் ஒரு பீஸ், நீங்கள் எடுக்கப்போகும் அதே ரகத் துணியில். நிறம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. அதற்குப் பணம் கேட்டால் கொடுத்துவிடுங்கள், இந்த ஆர்டரில் நீங்கள் செய்யும் உருப்படியான செலவு அதுதான். வந்ததும் ஒவ்வொன்றையும் அளந்து எழுதுங்கள். எல் சைஸை ஒருமுறை துவைத்து, காயவைத்து, மறுபடி அளங்கள். அப்புறம் உள்ளூரில் இருக்கிற பத்துப் பதினைந்து பேரை ஒரு மாலை வரச்சொல்லிப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அவர்கள் அனுப்பிய அங்குலமும் மாட்டிப் பார்த்த சைஸும் ஒத்துப்போனால், வெளியூர்க்காரர்களின் அங்குலத்தையும் தைரியமாகச் சைஸாக மாற்றலாம். தையலில் அரை அங்குலம் முன்னே பின்னே வருவது சகஜம். ஆகவே இரண்டு சைஸுக்கு நடுவில் நிற்கிறவருக்குப் பெரியதைப் போடுங்கள்.

கம்பெனியில் ‘ரேஷியோ போட்டுக்கலாமா’ என்று கேட்பார்கள். எஸ் 1, எம் 2, எல் 2, எக்ஸ்எல் 1 என்கிற மாதிரி கட்டுவது கடைக்கு அனுப்பும் சரக்குக்கு. முகம் தெரியாத வாடிக்கையாளருக்கு அது சரி. உங்களிடம் 130 பேரின் பெயரும் இருக்கிறது, பெயர்வாரியாகவே கொடுங்கள். த்ரீ எக்ஸ்எல், ஃபோர் எக்ஸ்எல் தேவைப்படுகிறவர் ஒருவர் இருந்தாலும் முதலிலேயே சொல்லுங்கள். துணி அதிகம் ஆகும் என்று விலை கொஞ்சம் கூட்டுவார்கள். அந்தக் கூடுதலை அந்த நண்பரிடம் கேட்காமல் பொதுக் கணக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள்.

எண்ணிக்கைக்கு மேல் ஒரு ஏழெட்டு பீஸ் சேர்த்துச் சொல்லுங்கள், எல்லும் எக்ஸ்எல்லும் டபுள் எக்ஸ்எல்லுமாக. பெரியதை ஓவர்லாக் மெஷின் இருக்கும் எந்தத் தையல் கடையிலும் பக்கத்தில் பிடித்துத் தரலாம். சிறியதை யாராலும் பெரிதாக்க முடியாது. பின்னால் இரண்டு பீஸ் மட்டும் தனியாகக் கேட்டால் அதற்காகப் பிரிண்டிங் ஸ்க்ரீனை மறுபடி ஏற்ற வேண்டும், துணியும் வேறு சாய லாட்டில் வரும். அதே நீலம் என்பார்கள், குரூப் போட்டோவில் தனியாகத் தெரியும். பிரிண்ட் அளவையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். எஸ்ஸிலிருந்து டபுள் எக்ஸ்எல் வரை ஒரே ஸ்க்ரீன்தான் அடிப்பார்கள். முதுகில் பெரிய பிரிண்ட் என்றால் சின்ன லேடீஸ் சைஸில் அது தையல் வரைக்கும் போய்விடும். குழந்தைகளுக்கும் எடுப்பதாக இருந்தால் அவர்களுக்குச் சின்ன ஸ்க்ரீன் தனியாகவே வேண்டும். அவர்கள் சைஸை வயதைச் சொல்லி எடுக்காமல், 26, 28, 30 என்று நெஞ்சளவில் எடுங்கள்.

சந்திப்புக்கு ஒரு மாதம் முன்பே பட்டியல் கம்பெனி கையில் இருக்கட்டும். சரக்கு வந்ததும் கவரைப் பிரித்து, சைஸுக்கு ஒரு பீஸ் எடுத்து, உங்களிடம் இருக்கும் சைஸ் செட்டோடு வைத்துப் பாருங்கள். லேபிள் மாற்றித் தைத்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு கவர் மேலும் பெயர் ஒட்டிவிடுங்கள். சந்திப்பு அன்று மாற்றித் தரக் கேட்பவர்களிடம், எல்லோரும் வாங்கி முடித்த பிறகுதான் எக்ஸ்ட்ரா பீஸைத் தொடுவோம் என்று சொல்லிவிடுங்கள். முதலில் வந்தவர்கள் ஆசைக்கு எடுத்துக்கொண்டுவிட்டால், மதியம் ரயிலில் வந்து இறங்குகிறவருக்குச் சேராத சைஸ்தான் மிஞ்சும்.