கடல்மீன் தொட்டி: புள்ளி மறைந்தால் நோய் தீர்ந்ததா?

கேள்வி: வீட்டில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. இரண்டு கோமாளி மீன், ஒரு பவுடர் ப்ளூ மீன், கொஞ்சம் பவளம், ஒரு கிளீனர் இறால். பவுடர் ப்ளூ மேல் உப்பைத் தூவினதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. பாறையில் உரசிக்கொண்டே இருந்தது. ஐந்தாம் நாள் பார்த்தால் ஒன்றுமில்லை. ‘போயிட்டு’ என்று நிம்மதியாக இருந்தோம். பத்து நாள் கழித்து மூன்று மீனிலும் இருமடங்கு! மயில்துத்தம் (செம்பு சல்ஃபேட்) போடச் சொல்கிறார்கள். போடலாமா?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: அந்தத் தொட்டியில் போடவே கூடாது. இறாலும் பவளமும் செம்பைத் தாங்காது. பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கொள்வதால் நீரில் அளவும் நிற்காது. வயலுக்கு வாங்கும் மயில்துத்தம் எந்தத் தொட்டிக்கும் வேண்டாம். 40 லிட்டர் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் செம்பு இருக்க, மயில்துத்தம் 31 மில்லிகிராம்தான் தேவை. சமையலறைத் தராசில் அதை நிறுக்கவே முடியாது. ஒரு சிட்டிகை கூடினாலும் மீன் போய்விடும்.

நீங்கள் சொல்வது கடல்நீர் வெண்புள்ளி நோய். கிரிப்டோகேரியன் என்ற ஒட்டுண்ணியின் வேலை. புள்ளி மறைந்தது குணமாகி அல்ல; தின்று முடித்து இறங்கிவிட்டது. மீனின் தோலுக்கு அடியில் மூன்று முதல் ஏழு நாள் இருக்கும். பிறகு உதிர்ந்து மணலிலும் பாறையிலும் கூடு கட்டி, உள்ளே நூற்றுக்கணக்கில் பெருகும். கூடு வெடித்து வரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் மீனைப் பிடித்தாக வேண்டும். தோலுக்கு அடியிலும் கூட்டுக்குள்ளும் இருக்கிறவரை மருந்து எட்டாது. நன்னீர் மீனுக்குச் செய்வதுபோல ஹீட்டரைக் கூட்டினால் சுற்று வேகமாகுமே தவிர, ஒட்டுண்ணி சாகாது.

இன்று இரவே ஒன்றைச் சோதித்துவிடுங்கள். விளக்கை அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பாருங்கள். எண்ணக்கூடிய உப்புக்கல் அளவுப் புள்ளிகள் என்றால் வெண்புள்ளிதான். எண்ண முடியாத மஞ்சள் பொடி படிந்தாற்போல் மினுங்கி, செவுள் படபடவென்று அடித்தால் அது வெல்வெட் என்ற வேறொரு ஒட்டுண்ணி நோய். இரண்டு மூன்று நாளில் கொன்றுவிடும். கோமாளி மீன் மட்டும் சளி சளியாகத் தோலுரிந்தால் புரூக்ளினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அதற்கு ஃபார்மலின்தான் வைத்தியம். துடுப்பு ஓரத்தில் காலிஃபிளவர்போல் ஒன்றிரண்டு கட்டி என்றால் வைரஸ். மருந்து வேண்டாம், தானே உதிரும்.

வெண்புள்ளி என்று உறுதியானால் மருந்தே இல்லாத வழி இருக்கிறது. 40, 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா இரண்டு, இரண்டுக்கும் தனித்தனியாகக் காற்றுக்குமிழி விடும் ஏர் ஸ்டோன், ஒளிய பிவிசி குழாய்த் துண்டு. முதல் நாள் மீன்களை ஒன்றில் விடுங்கள். 4, 7, 10, 13ஆம் நாள் காலையில் புது நீருள்ள அடுத்ததற்கு மாற்றுங்கள். உதிர்ந்த கூடு வெடிக்குமுன் மீன் அங்கிருந்து போயிருக்க வேண்டும், அதுதான் சூட்சுமம். ஆகவே 72 மணி நேரத்துக்கு முந்தலாம், பிந்தவே கூடாது. பழைய நீர் ஒரு கரண்டிகூட மீனோடு போகக் கூடாது. காலியான டப்பா, குழாய், வலை எல்லாவற்றையும் கழுவி வெயிலில் நன்றாகக் காயவையுங்கள். நம்மூர் வெயில் இதற்கு நல்ல துணை. புது நீர் பழையதன் உப்படர்த்தியிலும் வெப்பத்திலும் இருக்கட்டும். ஃபில்டர் இல்லாததால் மீன் கழிவிலிருந்து அம்மோனியா ஏறும். தீனியைக் குறைத்து, தினமும் சோதித்து, அம்மோனியாவைக் கட்டும் திரவம் சேர்க்கலாம்.

பலர் தோற்பது எங்கே தெரியுமா? பெரிய தொட்டியின் ஃபில்டர் ஸ்பாஞ்சை எடுத்து இந்த டப்பாவில் போடுவார்கள். கூடு அதில்தான் ஒட்டியிருக்கும்!

13ஆம் நாள் மட்டும் டப்பாவுக்குப் பதில் போகிற இடம் தனியான, சுத்தமான தொட்டி. பெரிய தொட்டியில் 76 நாள் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. கூடு 72 நாள் வரை தாக்குப்பிடித்தது பதிவாகியிருக்கிறது. இறாலும் பவளமும் அங்கேயே இருக்கலாம், இந்த ஒட்டுண்ணி அவற்றின்மேல் பிழைக்காது.

வெல்வெட்டாக இருந்தால் டப்பா மாற்றுவது பலிக்காது. பாறையும் மணலும் இல்லாத தனித் தொட்டியில் மீன்களுக்கான செம்பு மருந்து, கூடவே செம்பு டெஸ்ட் கிட். சாதாரணச் செம்புக்கு லிட்டருக்கு 0.15 – 0.20 மில்லிகிராம், கீலேட் (வேறொரு சேர்மத்தோடு பிணைத்த செம்பு) வகைக்கு இதைப்போல் பத்து மடங்கு. எது வாங்கினீர்கள் என்று லேபிளைப் பார்த்துவிட்டே ஊற்றுங்கள். செம்பு இருக்கும் நீரில் அம்மோனியா கட்டும் திரவம் சேர்க்கவே கூடாது, செம்பு விஷமாக மாறிவிடும்.

கேள்வி: நீர் மாற்ற உவரியிலிருந்து கேனில் கடல்நீர் கொண்டுவரலாமா? தூத்துக்குடி உப்பைக் கரைத்தால் போதாதா?
– வாசகர், திசையன்விளை

பதில்: அளத்து உப்பு போதாது. அது பெரும்பாலும் சோடியம் குளோரைடு; கால்சியமும் மக்னீசியமும் கடல் விகிதத்தில் இராது. கடல்நீர் நல்லது, ஆனால் அப்படியே ஊற்றினால் இதே ஒட்டுண்ணியும் கூடவே வரும். ஆற்று முகத்துவாரத்துப் பக்கமும், ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பிறகும் எடுக்காதீர்கள், உப்பு குறைந்திருக்கும். துணியில் வடிகட்டி, வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச் திரவம்) 50 லிட்டருக்கு 10 மில்லி கலந்து, ஒரு நாள் காற்றோட்டம் கொடுங்கள். மறுநாள் குளோரினை நீக்கும் தயோசல்ஃபேட் போட்டு, குளோரின் கிட் பூஜ்யம் காட்டின பிறகே பயன்படுத்துங்கள். உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒப்படர்த்தி 1.025 இருக்கட்டும்.