பரணிலிருந்து இறங்கிய டெலஸ்கோப்: வாசகர் கேள்வி, பதில்

சென்ற இதழில் பழைய லென்ஸ் டெலஸ்கோப்புகளைப் பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பலரும் ஏறக்குறைய ஒரே விஷயங்களைத்தான் கேட்டிருக்கிறார்கள், அதனால் ஐந்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் தாத்தா 1970-களில் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த ஜப்பான் டெலஸ்கோப் ஒன்று பரணில் மரப்பெட்டியோடு கிடைத்தது. லென்ஸ் 60 மி.மீ., குவியத் தூரம் 910 மி.மீ. என்று எழுதியிருக்கிறது. முன் லென்ஸில் சிலந்தி வலை மாதிரி வெள்ளை இழைகள். கடையில் காட்டினால் "லென்ஸ் போச்சு, தூக்கிப் போடுங்க" என்கிறார்கள். நானே கழற்றிக் கழுவலாமா? (காரைக்குடி வாசகி)

பதில்: தூக்கியும் போடாதீர்கள் அம்மா, உடனே கழற்றவும் செய்யாதீர்கள். அது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றில் மூடிய பெட்டிக்குள் 40 வருஷம் கிடந்தால் எந்த லென்ஸிலும் வரும், அதனால் வெளிச்சம் கொஞ்சம் சிதறுமே தவிர லென்ஸின் வடிவம் கெட்டுவிடாது. முதலில் இன்றிரவே அப்படியே வெளியே வைத்து, அரை மணி நேரம் காற்றாட விட்டு, உயரத்தில் இருக்கும் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெட்டியில் உள்ள 12.5 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் சிறு லென்ஸ்) பாருங்கள். ஃபோகஸை லேசாக முன்னே நகர்த்தினால் ஒன்றுக்குள் ஒன்றாக வட்ட வளையங்கள் தெரியும், பின்னே நகர்த்தினாலும் அதே மாதிரி தெரியும். வளையங்கள் வட்டமாக, மையம் விலகாமல் இருந்தால் லென்ஸ் நன்றாக இருக்கிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போகலாம்.

அப்புறம் பகலில், குழாயின் பின்பக்கமிருந்து டார்ச் அடித்து, முன்பக்கம் சாய்வாகப் பாருங்கள். இழைகள் வெளி முகத்தில் மட்டும் என்றால் கழற்றவே வேண்டாம். ஊதுபந்தால் தூசியை ஊதிவிட்டு, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த மருத்துவப் பஞ்சை மையத்திலிருந்து விளிம்புக்கு ஒரே ஒரு இழுப்பு, அந்தப் பஞ்சை எறிந்துவிட்டு அடுத்தது. ஒரே பஞ்சை இரண்டாம் முறை இழுத்தால் அதில் ஒட்டிய மணல் துகள் கண்ணாடியைக் கீறும்.

இழைகள் வெளி முகத்தில் இல்லாமல் லென்ஸுக்கு உள்ளே இருந்தால்தான் பிரிக்க வேண்டும். முன் லென்ஸ் என்பது ஒரு கண்ணாடி அல்ல, இரண்டு. முன்னால் கிரௌன், பின்னால் ஃப்ளின்ட் என்று இரண்டு வகைக் கண்ணாடி, இரண்டுக்கும் நடுவே விளிம்பில் மூன்று இடங்களில் தபால்தலையின் ஓரத்தைக் கிள்ளினாற்போல் சின்னச் சின்ன ஈயத்தாள் துண்டுகள். அந்தத் துண்டுகள் தரும் மயிரிழை இடைவெளியில்தான் உங்கள் தாத்தாவின் டெலஸ்கோப் உயிரோடு இருக்கிறது. பிரிக்கும் முன் இரண்டு கண்ணாடிகளின் விளிம்பிலும் சேர்த்து மென்மையான பென்சிலால் அம்புக்குறி ஒன்று போடுங்கள், முனை வானத்தைப் பார்க்கட்டும். எந்தக் கண்ணாடி எந்தப் பக்கம், எந்தக் கோணத்தில் உட்கார்ந்திருந்தது என்பதெல்லாம் அந்த ஒரு குறியில் வந்துவிடும். கழுவுவதற்கு மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். நனைத்த பஞ்சைப் பூஞ்சை மேல் சில நிமிஷம் வைத்துவிட்டு, டிஸ்டில்டு வாட்டர், கடைசியில் ஆல்கஹால். சுடுதண்ணீர் கூடாது. பூஞ்சை அரித்த தடம் மங்கலாக மிஞ்சினால் விட்டுவிடுங்கள், தேய்த்துப் போக்க முயன்றால் மேலே உள்ள பூச்சும் சேர்ந்து போய்விடும்.

ஃபோகஸர் (ஐபீஸை முன்பின் நகர்த்தும் பகுதி) இறுகிப்போயிருந்தால் பல் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம், 50 வருஷ கிரீஸ் மெழுகாகியிருக்கும். பல்சக்கரத்தை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு அரிசி அளவு வெள்ளை லித்தியம் கிரீஸ் வையுங்கள். வேலை முடிந்ததும் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பை ஒன்று, மாதம் ஒரு முறை காயவைத்துப் போட வேண்டும்.

கேள்வி: லென்ஸைக் கழுவி மாட்டிய பிறகு நட்சத்திரங்கள் முக்கோணமாகத் தெரிகின்றன. முன்பு இப்படி இல்லை. (திருப்பூர் வாசகர்)

பதில்: பிடிவளையத்தை அளவுக்கு மேல் இறுக்கிவிட்டீர்கள். மூன்று ஈயத்தாள் புள்ளிகளில் கண்ணாடி அழுந்தி வளைகிறது, அதனால்தான் மூன்று மூலை. வளையத்தைத் தளர்த்தி, லென்ஸ் கூட்டைக் காதருகே மெதுவாக ஆட்டினால் லென்ஸ் லேசாகக் 'கிணுக்' என்று சத்தம் போட வேண்டும், அதுதான் சரியான இறுக்கம்.

அதற்கும் சரியாகவில்லையா? ஈயத்தாள் மூன்றும் இருக்கிறதா என்று எண்ணுங்கள். என் 3 அங்குல லென்ஸைக் கழுவியபோது ஒரு துண்டு பஞ்சோடு ஒட்டிக்கொண்டு குப்பைக்குப் போனதை நான் கவனிக்கவில்லை, இரண்டு மாதம் வியாழன் நீள்வட்டமாகவே தெரிந்தது. டியூப்லைட் வெளிச்சம் லென்ஸில் பட்டுத் திரும்புவதைப் பார்த்தபோதுதான் புரிந்தது: இரண்டு கண்ணாடிக்கும் நடுவே தெரியும் நியூட்டன் வளையங்கள் (ஒளி பட்டுத் தெரியும் நிற வளையங்கள்) ஒரு ஓரமாக ஒதுங்கியிருந்தன. ஒரே தடிமனில் மூன்று துண்டுகளைப் புதிதாக வெட்டி 120 பாகைக்கு ஒன்றாக வைத்ததும் வளையங்கள் நடுவுக்கு வந்தன. அன்று இரவு வியாழன் உருண்டையாகத் தெரிந்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எழுதத் தெரியவில்லை.

கேள்வி: இந்த வகை டெலஸ்கோப்பில் ஊதா விளிம்பு தெரியும் என்கிறார்களே, பழுதுபார்த்து என்ன பயன்? (மதுரை வாசகர்)

பதில்: குட்டையான டெலஸ்கோப்பில் தெரியும். கிரௌனையும் ஃப்ளின்டையும் சேர்த்து இந்த நிறப்பிழையைக் குறைக்கும் முறைக்கு லண்டனில் ஜான் டாலண்ட் 1758-ல் காப்புரிமை பெற்றார், ஆனாலும் கொஞ்சம் மிச்சம் நிற்கத்தான் செய்கிறது. நிறங்களின் குவியங்கள் குவியத் தூரத்தில் சுமார் 2000-ல் ஒரு பங்கு விலகி விழும். 910 மி.மீ.க்கு அது அரை மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. எஃப்/15 லென்ஸில் (குவியத் தூரம் லென்ஸின் விட்டத்தைப் போல் 15 மடங்கு) படம் கூர்மை இழக்காமல் தாங்கும் ஆழமும் ஏறக்குறைய அரை மி.மீ.தான், அதனால் பிழை அதற்குள் அடங்கிவிடுகிறது. அதே 60 மி.மீ. லென்ஸை 300 மி.மீ. குவியத்தில் செய்தால் விலகல் 0.15 மி.மீ., தாங்கும் ஆழமோ 0.06 மி.மீ.கூட இல்லை, ஊதா பொங்கி வழியும். அந்தக் காலத்துக் குழாய்கள் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

கேலக்ஸி பார்க்க வேண்டும் என்றால் பெரிய ரிஃப்ளெக்டர் (லென்ஸுக்குப் பதில் குழியாடி வைத்த டெலஸ்கோப்) வாங்குங்கள், அதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் பழைய லென்ஸ் வீண் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். கொடைக்கானல் வானாய்வகத்தில் உள்ள 6 அங்குல லெரெபூர் டெலஸ்கோப் 1850-ல் வாங்கியது, 1898-ல் டப்ளின் கிரப் நிறுவனத்தார் மாற்றியமைத்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாகச் சூரியனைப் படமெடுத்த கருவி அது.

கேள்வி: பெட்டியில் 'சன்' என்று எழுதிய கறுப்புக் கண்ணாடி இருக்கிறது. ஐபீஸில் திருகிச் சூரியனைப் பார்க்கலாமா? (தஞ்சாவூர் வாசகி)

பதில்: கூடாது. குவிந்த சூட்டில் அது பட்டென்று விரிசல் விடும், அடுத்த கணம் கண் போய்விடும். குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் அதை இன்றே உடைத்து எறியுங்கள். சூரியன் பார்க்க, குழாயின் முன்வாயை முழுசாக மூடும் தரமான சோலார் ஃபில்டர் மட்டும்தான்.

கேள்வி: கல்லூரி மாணவன். பெரியப்பா கொடுத்த 60 மி.மீ. டெலஸ்கோப்பைச் சரிசெய்துவிட்டேன். நகர வெளிச்சத்தில் நிலாவையும் சனியையும் விட்டால் வேறென்ன பார்ப்பது? (புதுச்சேரி)

பதில்: இரட்டை நட்சத்திரங்கள், தம்பி. நகர வெளிச்சம் அவற்றை ஒன்றும் செய்யாது. கல்யாணத்தில் காட்டுவார்களே, அருந்ததி, அங்கிருந்து தொடங்கு. வெறும் கண்ணுக்கு வசிட்டரும் அருந்ததியும் இரண்டு. 25 மி.மீ. ஐபீஸில் வைத்தால் வசிட்டரே இரண்டாகப் பிரிவார், இடைவெளி 14 ஆர்க் செகண்ட் (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்குதான் ஒரு ஆர்க் செகண்ட்). அடுத்து புனர்பூசத்தின் காஸ்டர், இடைவெளி 5 ஆர்க் செகண்டுக்குச் சற்று மேல். 60 மி.மீ. லென்ஸ் பிரிக்கக்கூடிய எல்லை 116-ஐ 60-ஆல் வகுத்தால் வரும், சுமார் 1.9 ஆர்க் செகண்ட். அபிஜித் (வேகா) பக்கத்தில் இருக்கும் எப்சிலான் லைரே இரண்டு ஜோடியாகத் தெரியும், ஒவ்வொரு ஜோடியிலும் இடைவெளி 2.3 ஆர்க் செகண்ட் அளவில். காற்று அசையாத இரவில் 150 மடங்கு பெரிதாக்கத்தில் நான்கும் தனித்தனியாக நின்றால் உன் லென்ஸைப் பற்றி இனி யாரிடமும் கேட்க வேண்டாம்.

உன் ஊருக்கென்றே ஒன்று இருக்கிறது. 1689 டிசம்பரில் புதுச்சேரியில் இருந்த ஜான் ரிஷோ என்ற பிரெஞ்சு இயேசு சபைப் பாதிரியார் ஒரு வால்நட்சத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஆல்ஃபா சென்டாரி ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். சூரியனுக்கு அடுத்தபடி நமக்கு மிக அருகில் இருக்கும் நட்சத்திரக் கூட்டம் இரட்டை என்பது உன் ஊர் வானத்தில்தான் முதலில் தெரியவந்தது. அந்த இரண்டும் 80 வருஷத்துக்கு ஒரு முறை ஒன்றையொன்று சுற்றுகின்றன, 2016 வாக்கில் 4 ஆர்க் செகண்டுக்கு நெருங்கிவந்து இப்போது விலகிக்கொண்டிருக்கின்றன, அதனால் உன் 60 மி.மீ.க்கு இது நல்ல காலம்.

மே கடைசியில் இரவு 10 மணிக்குத் தெற்கே திரிசங்குக்கு (தெற்குச் சிலுவை) கிழக்கில் பார், அடிவானத்திலிருந்து 17 பாகை உயரம்தான். அவ்வளவு தாழ்வில் காற்றே பட்டகம் மாதிரி வேலை செய்யும், நட்சத்திரத்தின் மேல் விளிம்பு நீலமாகவும் கீழ் விளிம்பு சிவப்பாகவும் தெரியலாம் (தலைகீழாகக் காட்டும் ஐபீஸில் மாறித் தெரியும்). லென்ஸ் கெட்டுவிட்டது என்று பயந்து மறுபடி கழற்றிவிடாதே. 73 மடங்கு பெரிதாக்கம் போதும். இரண்டும் எந்தத் திசையில் இருக்கின்றன என்று நோட்டில் ஒரு படம் வரைந்து தேதி போட்டு வை, அடுத்த மே மாதமும் அதே ஐபீஸில் வரைந்து எனக்கு இரண்டையும் அனுப்பு.